யாழ்ப்பாணக் கிராமத்தில் பேய்க்குக் காதல் வருமா?

03.08.2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

பிரதிலிபியிலும் வாட்பேட்டிலும் தமிழில் இரத்தக்காட்டேரிக் காதலும் ஓநாய் மனிதக் காதலும் குவிந்து கிடக்கின்றன. எழுதுகிறவர்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் கதை எல்லாம் பெயர் தெரியாத ஏதோ ஒரு மலை நகரத்தில்தான் நடக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் இப்படி ஒரு கதையை வைக்கவே முடியாது என்பது என் கட்சி. காடு இல்லை, மலை இல்லை, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆள் நடமாட்டம். எங்கள் பேய் அடிக்கும், பிடிக்கும், காய்ச்சல் வரப்பண்ணும். காதலிக்காது. முடியும் என்று நினைப்பவர்கள் எப்படி என்று சொல்லுங்கள்.

03.08.2024, இரவு – அவருக்கும் பிறகு எழுதியவர்களுக்கும் என் பதில்கள்

முடியும். காடும் மலையும் எதற்கு? மறைவு இருந்தால் போதும். இங்கே மறைவு தருவது வேலி. பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வரிந்து கட்டிய பழைய வேலியை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியும், ஆர் என்று தெரியாது. ஓலை அசையும், சருகில் கால் படும், மூச்சுக் கேட்கும். கோழி போகிற பொட்டுக்குள்ளால், அந்தச் சிறு இடைவெளியால், ஒரு கை நீண்டு ஒரு மாங்காயை வைத்துவிட்டுப் போனால், அது மனிதக் கையா என்ற கேள்வியிலேயே ஒரு அத்தியாயம் ஓடும். பல ஊர்களில் இப்போது மதிலும் தகரமும் வந்துவிட்டன. ஆனாலும் தோட்டக் காணிகளின் பின்பக்கத்தில் வேலி இன்னும் இருக்கிறது.

ஆள் நடமாட்டம் என்றீர்கள். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒழுங்கையில் நின்று பாருங்கள். நாய்கூட நிழல் தேடிப் படுத்துவிடும். எங்கள் ஊரில் பேய் உலாவுகிற நேரமும் அதுதான். உச்சிப்பொழுதில் தலையை விரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதே, புளியமரத்துக்குக் கீழே நிற்காதே என்று கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். வெளிநாட்டுக் கதைகளில் எல்லாமே நள்ளிரவில் நடக்கிறது. இங்கே பட்டப்பகலில், கண் கூசுகிற வெளிச்சத்தில் ஒருவன் வந்து நிற்கலாம். எனக்கு அதுதான் கூடுதல் பயம். கூடுதல் ஆசையும் அதில்தான்.

05.08.2024

“எங்கள் மரபில் மாயமும் காதலும் ஒட்டாது” என்று எழுதியவருக்கு. காத்தவராயன் கூத்தை எப்படி மறந்தீர்கள்? முத்துமாரியின் மகன் காத்தான் ஆரியமாலா மேல் ஆசை வைக்கிறான். குலம் குறுக்கே நிற்கிறது, பெற்ற தாயே மறிக்கிறாள், கழுமரம் வரைக்கும் கதை போகிறது. வழியெல்லாம் மந்திரமும் உருமாற்றமும். மாரியம்மன் கோயில் வெளியில் நேர்த்திக்காக விடிய விடிய ஆடுவார்கள். பாயில் படுத்து அரைநித்திரையில் பார்த்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. கோமாளி டாப்பர் மாமா வந்தால் எழும்பிச் சிரிப்போம், பிறகு சரிந்துவிடுவோம். ஒரே ஆள் கடைசிவரை காத்தானாக ஆடுவதில்லை. சின்ன வயதுக் காத்தானுக்கு ஒருவர், வளர்ந்த காத்தானுக்கு வேறொருவர். நித்திரை முறிந்து எழும்பிப் பார்த்தால் முகமும் குரலும் மாறியிருக்கும், பெயர் மட்டும் அதே பெயர். பதின்ம வயதைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொன்ன மேடை உத்தியை நான் கண்டதில்லை.

இன்னும் பின்னுக்குப் போனால் மணிமேகலை. நாகநாட்டு இளவரசி பீலிவளை சோழனோடு சோலையில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் மறைகிறாள். பிறந்த பிள்ளையை மணிபல்லவத்திலிருந்து கம்பளச் செட்டியின் கப்பலில் அனுப்புகிறாள். கப்பல் கவிழ்கிறது. மகனைத் தேடுகிற துயரத்தில் அரசன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. மணிபல்லவம் எங்கள் நயினாதீவு என்று பலர் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன மாயக் காதல் வேண்டும்?

அதே காவியத்தில் இன்னொன்று. மணிமேகலைக்குக் கிடைக்கிற மந்திரங்கள் மூன்று: வேற்றுரு எடுக்க, வானில் போக, பசியைத் தாங்க. துரத்துகிற இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பத்தான் அவள் வேற்றுரு எடுக்கிறாள். காயசண்டிகையின் உருவம். கடைசியில் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்று நம்பி, பின்னால் வந்த இளவரசனை வெட்டிவிடுகிறான். மந்திரம் ஒரு பெண்ணுக்குத் தப்பிக்கும் வழியாகிறது, ஆனாலும் அதற்கு ஒரு உயிர் போகிறது. இன்றைக்கு எழுதுகிற பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும்.

11.08.2024

மந்திரம் என்றதும் ஒருவர், மட்டக்களப்பில் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற கதையைக் கொண்டுவந்துவிட்டார். பழைய பகிடி, விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் மந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் குசினியில் என்பேன்.

எங்கள் அம்மம்மா நாவூறு கழிப்பார். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு, கொஞ்சம் முச்சந்தி மண். கையில் பொத்தி, பிள்ளையைச் சுற்றி, அடுப்பில் போடுவார். மிளகாய் எரிந்தும் இருமல் வராவிட்டால் நாவூறு இருந்திருக்கிறது என்று அர்த்தம். கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்கும் போவார். காசு வாங்க மாட்டார். இறைச்சிக் கறியை இரவில் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் சட்டிக்கு மேலே ஒரு கரித்துண்டு வைப்பார். சாமத்தியப்பட்ட பிள்ளையைத் தனியே வைத்திருக்கிற நாட்களில் பக்கத்தில் வேப்பிலையும் ஒரு இரும்பும் கிடக்கும். இதையெல்லாம் மந்திரம் என்று அவர் சொன்னதே இல்லை. வீட்டு வேலைகளில் ஒன்று.

ஆகவே இந்த மண்ணில் கதை எழுதுகிறவர் கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதியைத் தேட வேண்டியதில்லை. சமைத்துக்கொண்டே பேயோடு பேசுகிற ஒரு கிழவி போதும். அவருக்குப் பயம் கிடையாது, ஒழுங்கு மட்டும் உண்டு: எந்த நாளில் செய்வது, எந்த நாளில் கூடாது, செய்தால் என்ன கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தில்தான் இப்போதைய கதைகள் வழுக்குகின்றன. கதாநாயகிக்குச் சக்தி வருகிறது. அதற்கு அவள் எதையும் கொடுப்பதில்லை. கழிப்புக் கழித்தால்கூடச் சேவலோ நீத்துப்பூசணிக்காயோ கேட்கும் ஊரில், சும்மா வருகிற சக்தியை யார் நம்புவார்கள்?

12.08.2024

வசியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கதாநாயகன் வசியம் வைத்துப் பெண்ணை மயக்கினால் அது காதல் கதை ஆகாது. அவள் விரும்பவில்லை, அவளை விரும்ப வைத்தார்கள். அதைக் குற்றமாக எழுதினால் வாசிப்பேன். அழகாக எழுதினால் பாதியில் மூடிவிடுவேன். அச்சரக்கூட்டை, அந்தத் தாயத்தை, கழற்றி எறிந்துவிட்டு அவனை உற்றுப் பார்க்கிற பெண்ணை யாராவது எழுதுங்கள்.

30.08.2024

இந்த இழையில் நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சொல்கிறேன். அக்காவின் மகள், என் பெறாமகள், இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற கொப்பியின் பின்பக்கத்தில். அவர்கள் வீடு செம்மண் பக்கம். வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டம், பின்னால் கிணறு. ஆவணிப் பனங்காய் விழுகிற காலம் இது. விடிய முன்னம் தொப் என்று சத்தம் கேட்டால் ரோச்சோடு ஓடுகிற வீடு அது. கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. பனங்காய் விழுந்த சத்தம் கேட்டு ஒரு பெண் போகிறாள். அங்கே பனங்காய் இல்லை. ஒரு பெடியன் நிற்கிறான்.

அந்தப் பெடியன் இறந்தவன். முதல் எழுதியதில் அப்படி இருந்தது. பதினெட்டு வயதில் செத்துப்போன ஒருவன், அந்த வளவிலேயே நிற்கிறான், வயது ஏறாமல்.

இந்த வகைக் கதைக்கு அது இயல்பான தொடக்கம்தான். உலகம் முழுக்க அப்படி எழுதுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னம் செத்த பெடியன், வெளிறிய முகம், ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிவான். எனக்கு வாசிக்க முடியவில்லை. கொப்பியை மூடி அவளிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து இங்கே எழுதுகிறேன்.

15.09.2024

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தோம். பெரியம்மாவின் மகன் திரும்பி வரவில்லை. எனக்கு அண்ணா முறை. எங்கே, எப்படி என்று எவருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பெரியம்மா கடிதம் எழுதாத அலுவலகம் இல்லை. பிறகு சாத்திரக்காரர், வாக்குச் சொல்கிறவர்கள், கடைசியில் மை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினாலு வயது. போகும்போது காரணம் சொல்லவில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மையைப் பார்ப்பதற்குப் பிள்ளை வேண்டும், பெரியவர்களுக்குத் தெரியாது.

மின்சாரம் இல்லாத காலம். ஒரு குத்துவிளக்கு எரிந்தது. வெற்றிலையின் நடுவில் கறுப்பு மை, பெருவிரல் நகம் அளவு. அதை என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை இமைக்காமல் பார் என்றார் அந்த ஐயா. முதலில் விளக்குச் சுடர்தான் அதற்குள் தெரிந்தது. பிறகு என் கண். பிறகு நிலம் கூட்டினமா, தண்ணி தெளிச்சினமா, கதிரை கொண்டுவந்து வைச்சினமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓம் என்று சொன்னேன், ஏனென்றால் அப்படித்தான் தெரிந்தது. பிறகு கேட்டார், “ஆர் நிக்கினம்?”

ஒருவர் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

“சட்டை என்ன நிறம் பிள்ளை?” என்று பெரியம்மா கேட்டார். அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியாது. நிறம் தெரியவில்லை என்றேன். திரும்பச் சொல்லு, முகத்தைக் காட்டச் சொல்லு என்றார். நானும் மனதுக்குள் சொன்னேன், அண்ணா திரும்புங்கோ என்று. அவர் திரும்பவில்லை. மை மங்கிவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார், தண்ணீர் உள்ள இடம், மேற்குப் பக்கம் என்று அந்த ஐயா முடித்தார். பெரியம்மா அந்தச் சொல்லோடு பல வருடம் சீவித்தார்.

நான் கண்டதைக் கண்டேன். விளக்கு வெளிச்சத்தில் இமைக்காமல் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் ஏதாவது தெரியும் என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். நான் கேட்பது வேறு. இந்த மண்ணில் எங்கள் தலைமுறை மந்திரத்திடம் அதிகம் கேட்ட கேள்வி ‘அவன் என்னை விரும்புகிறானா’ என்பது இல்லை. ‘அவன் இருக்கிறானா’ என்பது. 2017 மாசியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரும் அதே கேள்வியைத்தான் அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

ஆகவே செத்துப்போன பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் பனைக்குக் கீழே அழகாக நிற்கிறான், ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிறான் என்று வாசிக்கும்போது, எனக்கு அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அவனுடைய அம்மா எங்கே என்றுதான் பார்க்கிறேன். அவன் ஏன் முதலில் தன் வீட்டுப் படலைக்குப் போகவில்லை?

16.09.2024

நேற்று எழுதியதைப் பெறாமகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னதை அப்படியே போடுகிறேன், அவள் போடச் சொன்னாள்:

“சித்தி, எல்லாக் கதையிலயும் ஏன் சண்டை வரோணும்? நான் பிறந்து கைக்குழந்தையா இருக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சது இறைப்பும் ரியூசனும்தான். நாங்கள் ஒரு பெடியனை நினைச்சா அதுக்குள்ளயும் நீங்கள் வந்து நிக்கிறியள்.”

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஒரு கதை எழுத முடியுமா என்று யோசிக்கிறேன். யாராவது யோசித்திருந்தால் சொல்லுங்கள்.

22.09.2024

“அப்படியானால் இங்கே பேய்க்கதையே எழுதக் கூடாதா?” என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எழுதலாம். இறந்தவன் வரலாம். வந்தால் அவனுக்கு ஒரு வீடும் தாயும் இருக்க வேண்டும் என்கிறேன். அந்தத் தாயும் கதையில் ஒரு ஆளாக இருக்கட்டும். பெண் அவனைக் காண்கிறாள், தாய்க்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒழுங்கையில் எதிரே வரும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பாளா? அது முத்தத்தைவிடப் பெரிய விஷயம். துணிந்த ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன். பெறாமகளுக்கு அந்தக் கதை வேண்டாம். அது அவளுடைய உரிமை.

02.11.2024

மாரி தொடங்கிவிட்டது. கிணறு ஏறுகிறது. பெறாமகள் வழி கண்டுபிடித்துவிட்டாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிலாவரைக் கிணற்றை எல்லாருக்கும் தெரியும். நவக்கிரியில், இராச வீதி ஓரம். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள். அதற்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு இல்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கல்லை அரித்து, உள்ளுக்குள் வழி வைத்திருக்கிறது. கதைக்காரர்களுக்கு முன்னமே நிலம் கதை எழுதிவிட்டது.

அவளுடைய பெடியன் இப்போது தண்ணீர்க்காரன். எப்போதும் செத்ததில்லை. கல்லுக்குக் கீழே இருக்கிற வழிகளால் கிணற்றுக்குக் கிணறு போகிறவன். இறைப்பு மிசின் நின்றதும், உச்சிப்பொழுதில், கிணற்றுக் கட்டின் மேல் வந்து உட்காருவான். முதல் நாள் அவன் முகம் மனித முகம் இல்லை, குதிரை முகம். கீரிமலையில் குளித்துக் குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையை அப்படியே திருப்பிவிட்டாள். இந்தக் கதையில் முகம் மாற வேண்டியவன் ஆண். நெடுந்தீவுக் கட்டைக் குதிரைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்குக் குதிரையில் பைத்தியம். அது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது விலை. இங்கேதான் நான் எழும்பி நின்றுவிட்டேன். நிலாவரையில் மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உவர். குடாநாடு முழுக்க அப்படித்தான். நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அவள் கதையில் அந்தப் பெடியன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கிணறு கொஞ்சம் உவர்க்கிறது. முதலில் தேத்தண்ணியில் தெரிகிறது. அப்பா பால்மாவைக் குறை சொல்கிறார். பிறகு வெங்காயத் தாளின் நுனி கருகுகிறது. பெண்ணுக்கு மட்டும் காரணம் தெரியும். அவனைக் கூப்பிடாவிட்டால் தோட்டம் பிழைக்கும்.

யாரும் சொல்லாமலே மந்திரத்துக்கு விலை வைத்துவிட்டாள். அதுவும் அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயத்திலிருந்து, இறைப்பிலிருந்து.

10.11.2024

“உப்பு எல்லாம் பூமிசாஸ்திரம், காதல் எங்கே?” என்று கேட்ட தம்பிக்கு: ஒரு பெண் ஒருவனைக் காண்பதற்காக அப்பாவின் வெங்காயத்தைக் கருக விடுகிறாள். அவள் அவனை எவ்வளவு விரும்புகிறாள் என்று இனித் தனியாக எழுதத் தேவையில்லை.

19.01.2025

பொங்கல் முடிந்து பருத்தித்துறைப் பக்கம் போயிருந்தேன். வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி பார்க்கப் போன கூட்டம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட இரவுதான் பிடிக்கும். வாடைக்காற்று விடாமல் அடிக்கிற நாட்களில் பெரிய பட்டத்துக்கு விண் (காற்றில் கூவுகிற நார்) பூட்டி ஏற்றி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். பட்டம் இரவு முழுக்க மேலே நின்று கூவும். தூரத்து ஊரில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். பட்டம் தெரியாது, கயிறு தெரியாது, கூவல் மட்டும். தெரியாத ஒருவரைப் பயப்படுத்த வேறு ஒன்றும் வேண்டாம். தெரிந்தவருக்கு அது தாலாட்டு.

பெறாமகளிடம் சொன்னேன், இதைப் போடு, பெண் வடமராட்சியில் மாமி வீட்டில் படுத்திருக்கிற இரவுக்கு. அவன் அங்கே வர முடியாது, கூவல் கேட்கிறது, அவன்தான் என்று நினைக்கிறாள். போட்டிருக்கிறாள். ஆனால் என்னைவிட நன்றாக: மச்சான் ஒருவன் மாடியிலிருந்து, “அது என்ரை பட்டம், நித்திரை கொள்ளடி” என்கிறான். அந்த மச்சானை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாவது காதலனாக வளர்த்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வகைக் கதைகளில் முக்கோணம் வராவிட்டால் குற்றம் என்று ஆகிவிட்டது. அது தேவையில்லை. மச்சான் மச்சானாகவே இருக்கட்டும்.

26.01.2025

சாதியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு நன்றி. கேட்க வேண்டிய கேள்வி. யாழ்ப்பாணக் கிராமத்தில் காதல் கதை எழுதிவிட்டு அதைத் தொடாமல் போனால், எழுதியவர் வேலிக்குப் பயந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

கதையில் அம்மம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் உச்சிப்பொழுதில் கிணற்றுக் கட்டில் இருக்கிறவனைக் கண்டுவிடுகிறார். அலறவில்லை, திருநீறு எடுக்க ஓடவில்லை. குதிரை முகத்தை ஏறிட்டுப் பார்த்து முதல் கேள்வி கேட்கிறார்: “நீ ஆற்றை பிள்ளை?” இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பேயிடம்கூட அதைத்தான் முதலில் கேட்போம்.

அவன் சொல்கிற பதில் அந்தக் கதையின் நடு முடிச்சு. தான் எந்தெந்தக் கிணற்றால் வந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கோயில் கிணறு, ஊர்க் கிணறு, பிறகு அம்மம்மா வாழ்நாளில் கால் வைக்காத பகுதியில் இருக்கிற ஒரு கிணறு. எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று அவன் விளக்கப்படுத்துவதில்லை. வந்த வழியைத்தான் சொல்கிறான். அம்மம்மா கையில் இருந்த செம்புத் தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் ஊற்றவும் முடியாமல் நிற்கிறார். ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்குக் கிணற்றில் அள்ள உரிமை இல்லாமல் வைத்திருந்த ஊர்கள் இவை. மாருதப்புரவீகவல்லி கட்டுவித்ததாகச் சொல்லப்படுகிற அதே மாவிட்டபுரம் கோயிலின் வாசலில்தான் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. குதிரை முகத்துக்காரிக்குத் திறந்த கோயில், மனித முகத்தோடு வந்தவர்களுக்கு மூடியிருந்தது. இதைப் பெறாமகளுக்குச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் வாசித்த நினைவு இல்லை என்றாள். அடுத்த நாள் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். எந்த இடத்திலும் 1968 என்று வரவில்லை. ஆனால் அம்மம்மா அந்தச் செம்போடு நிற்கிற நேரம் ஒரு பக்கத்துக்கு நீண்டுவிட்டது.

27.01.2025

“பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் பாரம்” என்கிறார் ஒருவர். பாரம் தூக்குவது அவள்தானே. அவள் முறையிடவில்லை.

02.03.2025

முடிவு பற்றி வீட்டில் சண்டை. உவர் ஏறிவிட்டது, தோட்டம் போய்விடும், ஆகவே பெண் அவனைப் போகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கணக்குச் சரியாக வரும். பெறாமகள் கேட்கவில்லை. “வாசிக்கிற பிள்ளையளுக்கு ஒரு முத்தமாவது வேணும் சித்தி, எல்லாரையும் அழ வைச்சு அனுப்பேலாது” என்கிறாள். அவளுடைய முடிவில் பெண் அப்பாவிடம் உண்மையைச் சொல்கிறாள். அப்பா நம்பவில்லை. ஆனால் கிணறு உவர்ப்பது அவருக்கும் தெரியும், ஆகவே இறைப்பைக் குறைக்கிறார். பாதித் தோட்டத்தைத் தரிசாக விடுகிறார். மாரி வந்து நிலம் நிரம்புகிறது. வருடத்தில் மழைக்காலத்தில் மட்டும், நல்ல தண்ணீர் மேலே வந்து நிற்கிற நாட்களில், அவன் வரலாம். அப்போது கிணறு உவர்க்காது. மிச்ச மாதங்களில் அவள் படிக்க வேண்டும், உயர்தரம் எடுக்க வேண்டும்.

முதலில் எனக்கு இது சலுகை கொடுத்த முடிவாகப் பட்டது. இரண்டு நாள் யோசித்த பிறகு, அவள் முடிவு என்னுடையதைவிடக் கெட்டித்தனமானது என்று நினைக்கிறேன். நான் காதலைக் கொன்று தோட்டத்தைக் காப்பாற்றினேன். அவள் ஒரு குடும்பத்தை உட்கார வைத்துத் தண்ணீரைப் பங்கு பிரிக்க வைத்திருக்கிறாள். அதோடு, மழைக்காலத்தில் மட்டும் வருகிற ஒருவனுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது பதினாறு வயதுக்கு விளங்கும். எங்களுக்கும் விளங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவனுக்கு முழு மனித முகம் வந்துவிடுகிறது. அது வேண்டாம் என்கிறேன். அவள் விரும்பியது குதிரை முகத்தோடு வந்தவனைத்தானே. அதற்கு அவள், “கீரிமலையில் குளிச்சா மாறத்தானே வேணும், அது அந்த இடத்தின்ரை முறை” என்கிறாள். இடத்தின் முறை என்று சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இனி அவளுக்கு ஒரு உதவி வேண்டும். கதையில் பழைய கிணறு ஒன்றை ஆழமாக்குகிற காட்சி வருகிறது. எங்கள் பக்கத்தில் இப்போது கிணறு வெட்டுகிறவர்கள் இல்லை, குழாய்க்கிணறுதான். சுண்ணாம்புக் கல்லில் வெடி வைத்துக் கிணறு வெட்டிய அனுபவம் உள்ளவர்கள், அல்லது அப்பா, மாமா வெட்டியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். செம்மண் முடிந்து கல் எப்படித் தொடங்கும், ஊற்றுக் கண் உடையும்போது என்ன சத்தம் வரும், முதல் தண்ணீரை யார் குடிப்பது வழக்கம், அன்றைக்கு வைரவருக்கு என்ன வைப்பீர்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நல்லது, ஊருக்கு ஊர் கல் வேறு.